மூன்று வருட ஸ்ட்ரீமிங் ஸ்டிக்: பூட்டு உள்ளறைக்கு, பேய் திண்ணையில்

டிவியில் சொருகி இணையம் வழியாகப் படம் பார்க்கும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கைப் பற்றிப் போன வாரம் நண்பன் ஒருவன் கேட்டான். "ஸ்டிக் விலை இறங்கியிருக்குடா. நீ ரொம்ப நாளா வெச்சிருக்கியே, எப்படி? வாங்கலாமா?" அவன் வீட்டில் மூன்று வயதுப் பையன் இருக்கிறான். "நல்லா இருக்கு, வாங்கு" என்று ஒரே வரியில் முடித்திருப்பேன். பையன் ஞாபகம் வந்ததும் விரல் நின்றுவிட்டது.

படத் தெளிவு, வேகம் எல்லாம் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. மூன்று வருடத்தில் ஒரு தடவைகூடச் சூடாகி நின்றதில்லை. ரிமோட்டில் ஒலி பட்டன் மட்டும் போய்விட்டது, வேறு ரிமோட் வாங்கிக்கொண்டேன். குரலில் தேடினால் என் மகளின் மழலையைக்கூடப் புரிந்துகொள்கிறது. எனக்கே பாதி புரியாது. பொருளில் குறையில்லை. என் சண்டையெல்லாம் முகப்புத் திரையோடுதான்.

மகளுக்கு அப்போது நான்கு வயது. ஒரு சாயங்காலம் கார்ட்டூன் போடுவதற்காக டிவியை ஆன் செய்தேன். அவளுடைய ப்ரொஃபைலுக்குப் போவதற்குள் கைபேசி அடித்தது, யாரென்று பார்த்தேன். முகப்பில் இரண்டு மூன்று விநாடி சும்மா இருந்தால் போதும், மேலே இருக்கும் பெரிய விளம்பரம் தானாக ஓட ஆரம்பித்துவிடும். முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த ஒரு பெண் மெல்லத் திரும்பினாள். கண் இருக்க வேண்டிய இடத்தில் கண் இல்லை. அப்புறம் அந்தச் சத்தம்.

மகள் கத்தவில்லை. கையிலிருந்த கிண்ணத்தைச் சிந்தாமல் தரையில் வைத்துவிட்டு நடந்து போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். அதற்கப்புறம் பல மாதம் டிவி ஆன் ஆகும்போதெல்லாம் அவள் இடம் அந்தக் கதவுதான். "அப்பா, போச்சா?" என்று கேட்பாள். "போச்சும்மா" என்றால்தான் தலை எட்டிப் பார்க்கும்.

குழந்தைக்குத் தனி ப்ரொஃபைல், வயது வரம்பு, பின் நம்பர் எல்லாமே போட்டுத்தான் வைத்திருந்தேன். அந்தப் பேய்ப் படத்தை அவளால் திறக்கவே முடியாது, நான்கு இலக்க எண் கேட்கும். ஆனால் ட்ரெய்லரை யாரும் திறக்கவில்லையே, அது தானாக வந்தது. நாம் தேடிப் போகிற பண்டத்துக்குப் பூட்டு உண்டு, தேடாமல் வந்து நிற்பதற்குக் கிடையாது. முகப்புத் திரை நம் வீட்டுச் சுவரில் இருந்தாலும் அது கம்பெனியின் இடம். புகார் எழுதினேன். பின் நம்பர் போடுவது எப்படி என்று படம் போட்டு விளக்கி அழகாகப் பதில் அனுப்பினார்கள்.

"அது நிஜமில்லடா கண்ணு, மேக்கப்" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! ஒன்றும் எடுபடவில்லை. காரணம் பிறகுதான் தெரிந்தது. குழந்தைகள் திரையைப் பார்த்துப் பயப்படுவதைப் பல வருடம் ஆராய்ந்தவர் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஜோஆன் கேன்டர். 1986இல் அவரும் க்ளென் ஸ்பார்க்ஸும் வெளியிட்ட ஆய்வில், சாதாரண மனிதன் பச்சை நிற ஹல்க்காக மாறும் தொலைக்காட்சிக் காட்சியைப் போட்டுக் காட்டினார்கள். ஹல்க் கதையில் நல்லவன், உதவி செய்ய வருகிறவன். சின்னப் பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கெல்லாம் இல்லை, உருவத்தைப் பார்த்தே பயந்தார்கள். இந்த வயதில் விளக்கம் சொல்வதைவிட அணைத்துக்கொள்வதும், கையில் பிடித்த பொம்மையைக் கொடுப்பதும், குடிக்க ஏதாவது தருவதும்தான் அதிகம் உதவும் என்பார் கேன்டர். நானும் பேச்சை விட்டுவிட்டு மடியில் உட்கார வைத்துக்கொண்டேன். கொஞ்சம் பலித்தது.

செட்டிங்ஸில் புகுந்து தேடினேன். தானாக ஓடும் வீடியோவுக்கு ஒரு சுவிட்ச், அதன் சத்தத்துக்குத் தனியாக இன்னொன்று. இரண்டையும் அணைத்தால் அசைவு நின்றுவிடும், படம் மறையாது. கண்ணில்லாத பெண் இப்போது அசையாமல் பார்ப்பாள், அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு நாள் அப்டேட் வந்தது, மறுநாள் இரண்டு சுவிட்சும் பழையபடி ஆன். இந்த ஒரு விஷயத்துக்காகவே ஸ்டிக்கைக் கழற்றித் தூக்கிப் போட்டிருப்பேன். மனைவியின் தொடர் பாதியில் நின்றதால் அது பிழைத்தது.

விருப்பம் சார்ந்த விளம்பரம் என்று இன்னொரு சுவிட்ச் இருக்கிறது. அதையும் அணைத்தேன், அது என் முட்டாள்தனம். விளம்பரம் குறையவில்லை. முன்பு எங்கள் வீட்டில் ஓடுவதைப் பார்த்து அவ்வப்போது கார்ட்டூனாவது வரும். இப்போது அந்த வாரம் எதை விற்கிறார்களோ அதுதான்.

ரவுட்டரில் விளம்பரத் தடுப்பு டிஎன்எஸ் (விளம்பரம் வரும் இணைய முகவரிகளைத் திறக்காமல் விடும் ஏற்பாடு) போட்டுப் பார்த்தேன். பெரிய விளம்பரம் இருந்த இடம் சாம்பல் கட்டமாகிவிட்டது, அவ்வளவு நிம்மதி. ஆனால் சில ஆப்களில் விளம்பரத்தை வீடியோவோடு சேர்த்தே தைத்து அனுப்புகிறார்கள். எது படம், எது விளம்பரம் என்று டிஎன்எஸ்ஸுக்குத் தெரியாது.

நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், கெஞ்சிக் கேட்டால் சிலர் இறங்கி வரத்தான் செய்கிறார்கள். முன்னோட்டம் தானாக ஓடுவதை நிறுத்தும் வசதியை நெட்ஃப்ளிக்ஸ் 2020 பிப்ரவரியில் கொடுத்தது. ஒவ்வொரு ப்ரொஃபைலிலும் தனித்தனியாக அணைக்க வேண்டும். அதுவும் அந்த ஆப்புக்குள் மட்டும்தான், ஸ்டிக்கின் முகப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விளம்பரம் இருப்பதால்தான் இந்த விலைக்குத் தர முடிகிறது என்கிறார்கள். சரி, சோப்பைக் காட்டு, காரைக் காட்டு, யார் வேண்டாம் என்றது?

கடைசியில் கைகொடுத்தது காஸ்ட். கைபேசியில் கார்ட்டூனைத் தேர்ந்தெடுத்து டிவிக்கு அனுப்பினால் டிவி தானாக எழுந்து நேராக அந்த வீடியோவுக்கே போய்விடுகிறது, முகப்பே வருவதில்லை. அதற்கு டிவியில் ஹெச்டிஎம்ஐ சிஇசி, அதாவது சொருகிய கருவியே டிவியை எழுப்ப விடும் வசதி, ஆன் செய்திருக்க வேண்டும். வீடியோ முடிந்தால் மறுபடி முகப்புக்குத்தான் திரும்பும் என்பதால், கடைசி ஒரு நிமிடம் கையில் ரிமோட்டோடு காவல்காரன் மாதிரி உட்கார்ந்திருப்பேன். ஸ்க்ரீன்சேவரில் எங்கள் குடும்பப் படங்களைப் போட்டுவிட்டேன்.

நண்பனுக்கு இத்தனையும் சொல்லி, "பையனுக்கு ஏழெட்டு வயசாகட்டும், இப்ப வாங்காதே" என்றேன். "அப்ப உன்னோடதைத் தூக்கிப் போட்டுட்டியா?" என்றான்.

எங்கே? இறங்கிய விலையைப் பார்த்துவிட்டு நானும் போன மாதம்தான் படுக்கையறை டிவிக்கு இன்னொன்று வாங்கினேன், அதே கம்பெனி. முதல் நாள் ராத்திரி மகள் தூங்கியதும் ஆன் செய்தேன். முகப்பில் வந்தது வாஷிங் மெஷின் விளம்பரம். அதற்கே சத்தத்தை அணைத்துவிட்டுக் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.