இயந்திரம் கேட்ட குடும்பப் பெயர்

சென்னை விமான நிலையத்தின் உள்நாட்டு முனையத்தில், விடிந்தும் விடியாத ஒரு வியாழக்கிழமை காலையில், என் அம்மாவின் குடும்பப் பெயர் என்ன என்று ஓர் இயந்திரம் கேட்டது. அம்மாவுக்கு 74 வயது. ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை, ஆதார், வங்கிக் கணக்கு என்று எத்தனையோ இடங்களில் பெயர் கொடுத்திருக்கிறார்; குடும்பப் பெயர் என்ற ஒன்றை யாரும் அவரிடம் கேட்டதில்லை. "நம்ம குடும்பத்துக்குப் பேரு ஏதுடா?" என்று அவர் என்னைத் திருப்பிக் கேட்டபோது எங்களுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள்.

மெல்பர்னில் 16 ஆண்டுகளாக வசிக்கும் நான், இம்முறை மூன்று வார விடுப்பில் ஊருக்கு வந்திருந்தேன். மதுரையில் சித்தி மகளின் திருமணம். பாண்டியனிலும் வைகையிலும் காத்திருப்போர் பட்டியல் நகரவே இல்லை என்பதால், அம்மாவையும் பெரியம்மாவையும் விமானத்தில் அழைத்துச் செல்வது என்று முடிவாயிற்று. வந்து இறங்கியது முதல் திரும்பி ஏறியது வரை பல சேவைகளைப் பயன்படுத்தினேன் என்றாலும், விரிவாக எழுதத் தோன்றுவது இந்தத் தானியங்கி செக்-இன் இயந்திரத்தைப் பற்றித்தான். ஆஸ்திரேலியாவில் இதை யோசிக்காமல் பயன்படுத்திப் பழகியவன் நான். இதில் குறை காண வேண்டும் என்ற எண்ணத்தோடு அதன் முன் போய் நிற்கவில்லை.

பயணச்சீட்டைத் தம்பி இணையத்தில் எடுத்திருந்தான். வீட்டிலிருந்தே வெப் செக்-இன் செய்திருக்கலாம். முந்தைய இரவு சீர்த்தட்டுகளைக் கட்டுவதிலேயே கழிந்துவிட்டது. முனையத்துக்குள் கவுண்டர் வரிசை நீண்டிருந்ததால் இயந்திரத்திடம் போனோம். பிஎன்ஆர் என்ற ஆறு எழுத்து முன்பதிவுக் குறியீட்டைத் தட்டியதும் 'கடைசிப் பெயர்' என்ற கட்டம் வந்தது. அப்பாவின் பெயரைத் தட்டினேன். அப்படி ஒரு முன்பதிவே இல்லை என்றது. இனிஷியலைத் தட்டினேன், ஒற்றை எழுத்தை அது பெயராக ஏற்கவில்லை. தம்பியைத் தொலைபேசியில் பிடித்து விவரம் கேட்பதற்குள், திரை தன்பாட்டில் முகப்புப் பக்கத்துக்குத் திரும்பிவிட, மறுபடியும் பிஎன்ஆரிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. இரண்டாம் முறை அம்மாவே தட்டிப் பார்க்கிறேன் என்றார். அவருடைய விரல் பட்டதைத் திரை கண்டுகொள்ளவில்லை. "ரேஷன் கடையிலயும் இதே கதைதான், என் ரேகை விழாது" என்று சொல்லிக்கொண்டே புடவைத் தலைப்பில் விரலைத் துடைத்துத் துடைத்து அழுத்தினார்.

அப்போதுதான் அந்த விமான நிறுவனத்தின் சீருடையில் ஓர் இளைஞர் வந்தார். திரையைப் பார்த்த கணமே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. "அம்மா பேரையே கடைசிப் பேராவும் போடுங்க சார். ஒத்தைப் பேருன்னா புக் பண்றப்ப எல்லாரும் அப்படித்தான் ரெண்டு தடவை போடுவாங்க" என்றார். போட்டேன், திறந்தது. அச்சாகி வந்த போர்டிங் பாஸில் அம்மாவின் பெயர், ஒரு சாய்கோடு, மறுபடியும் அம்மாவின் பெயர். பெரியம்மாவுக்கும் அப்படியே. ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு இதைச் சொல்கிறீர்கள் என்று அவரிடம் கேட்டேன். அவர் சிரித்தார், எண்ணிக்கை சொல்லவில்லை.

இந்தச் சிக்கலை இயந்திரத்தின் கோளாறு என்று சொல்லிவிட்டுப் போய்விட முடியாது. கடவுச்சீட்டின் அடியில், இயந்திரம் படிப்பதற்கென்று, வரிக்கு 44 குறியிடங்களாக இரண்டு வரிகள் உண்டு. அவற்றின் பெயர்ப் பகுதியில் குடும்பப் பெயர் முதலிலும் சொந்தப் பெயர் பின்னாலுமாக வரும். உலகத்து விமான முன்பதிவுகளும் இந்த இரண்டு பெயர் வழக்கத்தையே பின்பற்றுகின்றன. நம்மிடம் இருப்பதோ தந்தை அல்லது கணவர் பெயரின் முதலெழுத்தும் ஒரு சொந்தப் பெயரும். நம்மில் ஏராளமானோருக்குக் கடவுச்சீட்டிலேயே குடும்பப் பெயருக்கான இடம் காலியாகத்தான் இருக்கும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசாவில் அனுமதி இல்லை என்று அறிவித்தபோது, தமிழ்நாட்டில் எத்தனை வீடுகளில் பயணச்சீட்டும் கையுமாகத் திகைத்திருப்பார்கள்! தந்தை பெயர் கடவுச்சீட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்தால் போதும் என்ற விளக்கம் அதன் பிறகுதான் வந்தது.

நம் பெயருக்குப் பின்னால் ஒன்றும் இல்லாமல் போனதற்கு ஒரு வரலாறும் உண்டு. விமான நிலைய வாசலில் ஓடும் ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையிலேயே தெற்கே சுமார் 40 கிலோமீட்டர் போனால் செங்கல்பட்டு. அங்கே 1929 பிப்ரவரியில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டில்தான், பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதைக் கைவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். என் தாத்தா அந்தத் தீர்மானத்தைப் பற்றிக் கேள்விப்பட்டுத் தன் பட்டத்தை விட்டவர். அவர் வெறுமையாக விட்ட இடத்தைத்தான் சிவப்பு நட்சத்திரக் குறியோடு, கட்டாயம் நிரப்பியாக வேண்டும் என்று இயந்திரம் கேட்டுக்கொண்டு நிற்கிறது. அந்தக் கட்டத்தை விருப்பக் கட்டமாக்குவது, அல்லது பிஎன்ஆரோடு கைபேசி எண்ணைக் கேட்பது, மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு ஒரு வாரத்து வேலைகூட ஆகாது என்பது, அதே தொழிலில் இருக்கும் என்னுடைய கணிப்பு.

அடுத்தது மொழி. நாங்கள் நின்ற இயந்திரத்தில் ஆங்கிலமும் இந்தியும் இருந்தன. பெரியம்மா எட்டாம் வகுப்பு வரை படித்தவர். நாளிதழை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசிப்பவர். அவரால் இந்தத் திரையில் ஒரு சொல்லைக்கூட வாசிக்க முடியவில்லை. இத்தனைக்கும் இந்த ஊரில் ஏடிஎம் இயந்திரம் தமிழ் பேசுகிறது. முனையத்தை ஒட்டிய மெட்ரோ நிலையத்திலும் பயணச்சீட்டு இயந்திரம் தமிழ் பேசுகிறது. புறநகர் ரயில் நிலையங்களில் தானியங்கிப் பயணச்சீட்டு இயந்திரங்கள் வந்தபோது, தமிழில் திரை வைத்ததோடு நிற்காமல், ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர்களை உதவியாளர்களாக அவற்றின் அருகில் அமர்த்தினார்கள். ஊரின் பெயரைச் சொன்னால் போதும், உதவியாளர் தம் அட்டையை இயந்திரத்தில் வைத்துச் சீட்டை எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார். அதைத் தானியங்கி என்று சொல்வது வேடிக்கைதான். ஆனாலும் வரிசை அங்கே நகர்ந்தது. நானே பல்லாவரத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

புறப்பாட்டு வாயில் அருகே காத்திருந்த ஒரு மணி நேரத்தில், அக்கம்பக்கத்தில் இருந்தவர்களிடம் இதைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். மாதம் நான்கு முறை பறக்கும் மருந்து நிறுவனப் பிரதிநிதி ஒருவர், இயந்திரத்தையே தாம் தொடுவதில்லை என்றும், வீட்டிலேயே கைபேசியில் போர்டிங் பாஸ் எடுத்துக்கொண்டு தோள்பையோடு நேரே பாதுகாப்புச் சோதனைக்குப் போய்விடுவதாகவும் சொன்னார். கல்லூரி மாணவி ஒருவருக்கு இயந்திரம்தான் பிடித்திருக்கிறது. கவுண்டரில் இருப்பவர்கள் பெட்டியின் எடையைப் பார்த்து முகம் சுளிப்பார்கள், இயந்திரம் சுளிக்காது என்பது அவர் சொன்ன காரணம். மூட்டு வலிக்காகச் சக்கர நாற்காலி கேட்டிருந்த ஒரு பெரியவர், தமக்கு எப்படியும் கவுண்டர்தான் என்பதால் இதில் கருத்துச் சொல்ல ஒன்றுமில்லை என்றார். பிறகு பத்து நிமிடம் கருத்துச் சொன்னார். அவருடைய ஆத்திரமெல்லாம் இயந்திரத்தைக் காட்டிக் கவுண்டர்களைக் குறைக்கிறார்கள் என்பதில் இருந்தது.

அந்த ஆத்திரம் அடிப்படை இல்லாதது அல்ல. 2020 மே மாதம் உள்நாட்டு விமானங்கள் மறுபடி பறக்கத் தொடங்கியபோது, தொற்றுக் காலம் என்பதால் வெப் செக்-இன் கட்டாயமாக்கப்பட்டது. பிறகு சில நிறுவனங்கள், கவுண்டரில் போர்டிங் பாஸ் கேட்டால் 200 ரூபாய் என்று கட்டணம் வைத்தன. கவுண்டரில் போர்டிங் பாஸ் தருவதற்குத் தனியாகப் பணம் வாங்குவது 1937ஆம் ஆண்டு விமான விதிகளுக்கு ஒத்ததல்ல என்று 2022 ஜூலையில் விமானப் போக்குவரத்து அமைச்சகம் சொன்ன பிறகே அது நின்றது. இது தெரியாமல், கவுண்டருக்குப் போனால் பணம் பிடுங்குவார்கள் என்று இன்றும் பயப்படுகிறவர்களில் என் பெரியம்மாவும் ஒருவர். மற்றபடி, இந்த இயந்திரத்துக்கே வயதாகிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 1999இல் இணையவழி செக்-இன்னைத் தொடங்கிவைத்த அமெரிக்காவின் அலாஸ்கா ஏர்லைன்ஸ், போர்டிங் பாஸ் அச்சிடும் இயந்திரங்களை 2023இல் அகற்றத் தொடங்கிவிட்டது; பெட்டிக்கான சீட்டை மட்டும் அச்சிடும் கருவிகளே அங்கே இனி இருக்கும்.

பெட்டி என்றதும் கொப்பரை நினைவுக்கு வருகிறது. சீட்டு கையில் வந்ததும், ஆபத்தான பொருள் ஏதும் பெட்டியில் இல்லை என்று உறுதிகூறும்படி இயந்திரம் ஒரு படத் தொகுப்பைக் காட்டியது. எரிவாயு உருளை, பட்டாசு, பெயிண்ட் டப்பா, கார் பேட்டரி என்று படங்கள் வரிசையாக இருந்தன. இவற்றில் எதுவும் எங்களிடம் இல்லை. மனசாட்சிக்கு விரோதமின்றி 'இல்லை' என்று அழுத்தினேன். பெட்டியைப் போடுமிடத்தில் இருந்த பெண் ஊழியர், பெட்டியின் பருமனையும் அம்மாவின் முகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "கல்யாணத்துக்காம்மா? கொப்பரை, சூடம் ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். இரண்டும் இருந்தன. மணவறைக்கு என்று ஒரு டப்பாச் சூடமும், சித்தி கேட்டிருந்த இரண்டு கிலோ கொப்பரையும், மஞ்சள் பையில் சுற்றிப் பட்டுப் புடவைகளுக்கு நடுவே பத்திரமாக இருந்தன. எண்ணெய்ச் சத்து மிகுந்த கொப்பரை தானாகவே சூடேறித் தீப்பற்றக் கூடியது. சூடத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இரண்டையும் விமானத்தில் கொண்டுபோகக் கூடாது.

பெட்டியைத் தரையில் வைத்துத் திறந்து, புடவைகளைப் பெரியம்மாவின் மடியில் அடுக்கி, மஞ்சள் பையை வெளியே எடுத்தோம். அது எக்ஸ்ரேயில் சிக்கியிருந்தால் பெட்டி மதுரைக்கு எங்களோடு வந்திருக்காது, தாலிப் பெட்டி உட்பட. நம் ஊர்ப் பெட்டியில் எரிவாயு உருளை இருப்பதைவிடக் கொப்பரை இருப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. படத் தொகுப்பை வரைந்தவருக்கு இந்த ஊர்க் கல்யாணம் எதற்கும் அழைப்பு வந்திருக்காது போலும். ஒரு கொப்பரைப் படம் சேர்க்க என்ன செலவாகிவிடப் போகிறது?

தானியங்கி ஏற்பாடுகள் எல்லாமே இப்படித்தான் என்று சொன்னால் நியாயமாகாது. சென்னையில் வந்திறங்கிய இரவில், ஓசிஐ எனப்படும் வெளிநாட்டு இந்தியர் அட்டை வைத்திருப்பவர்களும் இந்தியக் குடிமக்களும் பதிவுசெய்துகொள்ளக்கூடிய விரைவுக் குடியேற்ற வாசலில்தான் வந்தேன். 2024 ஜூனில் டெல்லியில் தொடங்கி, 2025 ஜனவரியில் சென்னை உள்ளிட்ட மேலும் ஏழு விமான நிலையங்களுக்கு வந்த ஏற்பாடு அது. முன்கூட்டியே இணையத்தில் விண்ணப்பித்து, கைரேகையும் கொடுத்து வைத்திருந்ததால், கடவுச்சீட்டை வைத்து விரலையும் முகத்தையும் காட்டியதும் கதவு திறந்துவிட்டது. முன்பெல்லாம் அந்த மண்டபத்தில் நிற்கும் நேரத்தில் ஒரு குழந்தை தூங்கி எழுந்துவிடும். ஆனால் உள்நாட்டு முனையத்தில் முகத்தை அடையாளம் கண்டு திறக்கும் டிஜி யாத்ரா வாசல் எங்கள் மூவரில் எவருக்கும் பயன்படவில்லை. அது கைபேசிச் செயலியில் ஆதாரைக் கொண்டு பதிவுசெய்வது. அம்மாவிடமும் பெரியம்மாவிடமும் ஆதார் உண்டு, ஸ்மார்ட்போன் இல்லை. என்னிடம் ஸ்மார்ட்போன் உண்டு, ஆதார் இல்லை.

திரும்பும் நாளில் பன்னாட்டு முனையத்தில் இயந்திரம் எனக்கு அரை வேலைதான் செய்தது. கடவுச்சீட்டைப் படித்து, இருக்கையைக் காட்டி, பிறகு ஆவணச் சரிபார்ப்புக்குக் கவுண்டருக்குச் செல்லவும் என்று எழுதிவிட்டு நின்றுகொண்டது. உரிய விசா இல்லாதவரை ஏற்றிப்போனால் விமான நிறுவனத்துக்கே அபராதம் விழும் என்பதால், இந்த எச்சரிக்கையில் நியாயம் இருக்கிறது. அங்கே பக்கத்து இயந்திரத்தில் நின்ற அண்ணன் ஒருவர், மஸ்கட்டில் வெல்டராக இருப்பவர், தம்முடைய கடவுச்சீட்டை என்னிடம் நீட்டி, "தம்பி, கொஞ்சம் போட்டுக் குடுங்க" என்றார். அவருக்கும் ஒற்றைப் பெயர்தான். இம்முறை நான் தயங்கவில்லை.

மெல்பர்ன் வந்த பிறகு, அந்த உள்நாட்டு விமான நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். கடைசிப் பெயர்க் கட்டத்தைக் கட்டாயமாக்க வேண்டாம், திரையில் தமிழ் வேண்டும், படங்களில் கொப்பரையும் சூடமும் வேண்டும், அந்த இளைஞரையும் பெட்டியருகே இருந்த பெண்ணையும் எக்காரணம் கொண்டும் வேறு இடத்துக்கு மாற்ற வேண்டாம் என்று எழுதி, அம்மாவின் பிஎன்ஆரையும் குறிப்பிட்டிருந்தேன். ஒரு நிமிடத்துக்குள் பதில் வந்தது. தங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று சொன்ன அந்தத் தானியங்கிக் கடிதம், அன்புள்ள திருமதி என்று தொடங்கி, அம்மாவின் பெயரை இரண்டு முறை சொல்லி அழைத்திருந்தது.