கோயலா, கிரெகரியா, நம் நாட்டுக்காரரா? சென்னையின் எஃப்சி ரசிகர் ஒருவரின் கணக்கு

பெரியமேடு நேரு விளையாட்டரங்கில் என் வரிசையில் உட்காருபவர்களிடம் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கால்பந்தில் ஆடும் நம் சென்னையின் எஃப்சிக்கு அடுத்த பயிற்சியாளர் யார் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால், இடைவேளை முடிந்து ஆட்டம் தொடங்கிய பிறகும் பேச்சு ஓயாது. ஒருவருக்கு மாட்டராஸி மாதிரி உலகமறிந்த பெயர் வேண்டும். பக்கத்தில் இருப்பவருக்கு ஜான் கிரெகரி காலத்துத் தடுப்பாட்டம் போதும். பின்வரிசைக்காரருக்கு ஓவன் கோயலின் 2020ஆம் ஆண்டு ஓட்டம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. எல்லோருமே ஆளுக்கொரு நல்ல வருடத்தை நினைத்துக்கொண்டு பேசுகிறார்கள். அதற்கடுத்த வருடத்தை யாரும் எடுப்பதில்லை. நான் இங்கே இரண்டு வருடங்களையும் சேர்த்தே வைத்துப் பார்க்கிறேன்.

மாட்டராஸியிலிருந்து தொடங்கலாம். 2006 உலகக் கோப்பை இறுதியில் ஜிடேனிடம் நெஞ்சில் முட்டு வாங்கிய அதே இத்தாலியர், 2014இல் ஆடும் பயிற்சியாளராக இங்கே வந்தார். பிரேசிலின் எலானோ அந்த ஆண்டு 8 கோல் அடித்தார். நெஸ்டாகூட வந்து சில ஆட்டங்கள் ஆடிவிட்டுப் போனார். மறுவருடம் கோப்பை. பாதித் தொடர்வரை புள்ளிப்பட்டியலின் அடியில் கிடந்த அணி அடுத்தடுத்த வெற்றிகளால் மூன்றாம் இடம் பிடித்தது. பெருவெள்ளத்தால் அரையிறுதியின் உள்ளூர் ஆட்டத்தைப் புனேவில் ஆட நேர்ந்தும் கொல்கத்தாவை 3-0 என வென்றது. இறுதியில் கோவாவை அதன் மண்ணிலேயே, கடைசி நிமிடங்களில் கோவா கோல்கீப்பரின் சேம்சைடு கோலும் மெண்டோசாவின் கோலுமாக, 3-2 என வீழ்த்தியது. அடுத்த வருடம்? எட்டு அணிகளில் ஏழாவது.

புகழ்பெற்றவரைக் கொண்டுவந்தால் அவர் பெயரைக் கேட்டு வீரர்கள் வருவார்கள் என்பது அன்றைக்குச் செல்லுபடியானது. களத்தில் ஆறு வெளிநாட்டினர் ஆடலாம் என்ற காலம் அது. 2017இல் அது ஐந்தானது, 2021இல் நான்கானது. இன்றைக்கு பதினொருவரில் ஏழு பேர் இந்தியர்கள். ஐஸாலிலும் இம்பாலிலும் வளரும் பையன்களைப் பற்றி இத்தாலிய நட்சத்திரத்துக்கு என்ன தெரியும்? என் கணக்கில் முதல் கோடு விழுவது இவர் பெயர்மேல்தான்.

உண்மையான போட்டி கிரெகரிக்கும் கோயலுக்கும் இடையில். இருவரும் இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கைப் பார்த்தவர்கள். ஒருவர் ஆஸ்டன் வில்லாவை நடத்தியவர், மற்றவர் பர்ன்லியை அந்த லீக்குக்கு உயர்த்தியவர். கால்பந்து பற்றிய எண்ணத்தில் இருவரும் இரு துருவம்.

கிரெகரியின் 2017-18 அணியை இன்றும் மனப்பாடமாகச் சொல்வேன். பின்களத்தில் செரேனோ, மைல்சன் ஆல்வெஸ், கால்டெரோன். நடுவே வியாசர்பாடி தனபால் கணேஷ், அவர் பக்கத்தில் சின்னப் பையனாக அனிருத் தாபா, முன்னே ரஃபேல் அகஸ்டோ. கோலடிக்க ஜெஜே. அழகான ஆட்டம் என்று சொல்லமாட்டேன். கார்னர் கிக் கிடைத்தால் போதும், ஆல்வெஸின் தலை எங்கிருந்தாவது முளைத்துவிடும். பெங்களூரு கண்டீரவா அரங்கில் நடந்த இறுதியில் சுனில் சேத்ரி ஒன்பதாம் நிமிடத்திலேயே கோலடித்தார். எதிரணியின் வீட்டில் எதிரணி முன்னிலை. ஆல்வெஸ் இரண்டு முறை தலையால் முட்டினார், அகஸ்டோ மூன்றாவதை அடித்தார், 3-2. அதற்கு முந்தைய அரையிறுதியில் கோவாவுக்கு எதிராக ஜெஜே இரண்டும் தனபால் ஒன்றும் அடித்தபோது நேரு அரங்கம் எழுப்பிய சத்தத்தை நான் அதன்பின் அங்கே கேட்டதில்லை.

மறுவருடம் அதே கிரெகரி, பெரும்பாலும் அதே அணி. 18 ஆட்டங்களில் இரண்டே வெற்றி, 9 புள்ளி, கடைசி இடம். செரேனோ போய்விட்டார், தனபால் முழங்கால் காயத்தால் வெளியே உட்கார்ந்திருந்தார், ஜெஜேவுக்கு கோல் வறண்டுவிட்டது. மூன்று கல் உருவியதும் கட்டடமே சரிந்தது. பயிற்சியாளருக்கு ஒரே இரவில் மூளை மழுங்கிவிடவில்லை. உருவிய கற்களுக்குப் பதில் வைக்கக் கல் இல்லை, அவ்வளவுதான்.

கோயலின் கதை இதைத் தலைகீழாகத் திருப்புகிறது. 2019-20இல் முதல் நான்கு ஆட்டங்களில் அணி ஒரு கோல்கூட அடிக்கவில்லை. ஆறாவது ஆட்டத்துக்குப் பின் கிரெகரி விலகினார். டிசம்பரில் வந்த கோயல் புதிதாக ஒரு படையைத் திரட்டவில்லை. லிதுவேனியாவின் வால்ஸ்கிஸ், பிரேசிலின் கிரிவெல்லாரோ, தாபா, சாங்டே எல்லோரும் ஏற்கெனவே அங்கே இருந்தவர்கள். அவர் செய்ததெல்லாம் கடிவாளத்தை அவிழ்த்ததுதான். கீழ்வரிசையில் கிடந்த அணி நான்காம் இடத்துக்கு ஏறியது. லீக்கில் முதலிடம் பிடித்த கோவாவை அரையிறுதியில் இங்கே 4-1 என அடித்து, அங்கே 2-4 என வாங்கி, 6-5 என்ற கூட்டல் கணக்கில் தாண்டியது. இறுதி ஆட்டம் கொரோனாவால் ஆளில்லாத அரங்கில் நடந்தது. கொல்கத்தாவிடம் 3-1 எனத் தோற்றோம். வால்ஸ்கிஸுக்கு மொத்தம் 15 கோல்.

ஒரே அணி, இரண்டு பயிற்சியாளர்கள், வெவ்வேறு விதி. ஆகவே பயிற்சியாளர்தான் எல்லாம் என்று கோயல் கட்சிக்காரர்கள் மேசையைத் தட்டுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். அவர் ஜாம்ஷெட்பூருக்குப் போய் 2021-22இல் லீக்கில் முதலிடம் பிடிப்பவருக்கான கேடயத்தையும் வென்றுவிட்டு 2023இல் திரும்பி வந்தார். இம்முறை அணியைத் திரட்டியதிலும் அவர் கை இருந்தது. டண்டீ யுனைடெட்டிலிருந்து ரயான் எட்வர்ட்ஸ், மதர்வெல்லிலிருந்து கானர் ஷீல்ட்ஸ் என்று ஸ்காட்லாந்துக் காற்று அடித்தது. ஷீல்ட்ஸ் ஓய்வில்லாமல் ஓடியவர், அவரைக் குறை சொல்ல மனம் வராது. ஆனால் முதல் வருடம் ஆறாம் இடம், பிளே ஆஃபின் முதல் ஆட்டத்திலேயே வெளியேற்றம். இரண்டாம் வருடம் 13 அணிகளில் பதினொன்றாவது. தயாராக இருந்த அணியைத் துள்ள வைக்கத் தெரிந்தவருக்கு, வெறும் கையோடு தொடங்கி அணி கட்டுவது அவ்வளவு கைவரவில்லை.

இவர்களுக்கு நடுவே வந்த ஐரோப்பியர்களை ஒரே பத்தியில் முடிக்கலாம். லாஸ்லோ, பாண்டோவிச், பிர்டாரிச். ஹங்கேரி, மாண்டினிக்ரோ, ஜெர்மனி. மூன்று வருடம், மூன்று பேர், மூன்று முறையும் எட்டாவது இடம். லாஸ்லோவின் அணி 20 ஆட்டங்களில் 11ஐச் சமன் செய்தது, மொத்தமே 17 கோல். வால்ஸ்கிஸ் கோயலோடு ஜாம்ஷெட்பூருக்குப் போனபின் அந்த இடத்தில் கோலடிக்க ஆள் இல்லாத குறை. அதற்கு லாஸ்லோவை மட்டும் திட்டி என்ன பயன்?

கடைசியாக நம் நாட்டுக்காரர். சபீர் பாஷா இடைக்காலப் பொறுப்பில் இருந்ததை விட்டுவிட்டால், இந்தியர் ஒருவரிடம் முழுப் பொறுப்பைக் கொடுக்க இந்தக் கிளப்புக்கு 2025வரை ஆனது. கோவாக்காரரான கிளிஃபர்ட் மிராண்டா, 2023இல் ஒடிசாவுக்குச் சூப்பர் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். அவர் வந்த நேரம் பார்த்து லீகே நடக்குமா நடக்காதா என்று இழுபறியானது. அந்தச் சூழலை வைத்து அவரை எடைபோடுவது நியாயமில்லை. இந்த வகைக்கு நல்ல உதாரணம் வேண்டுமானால் காலித் ஜமீல் இருக்கிறார். மிசோரமின் சின்ன ஐஸால் அணியை 2017இல் ஐ-லீக் என்ற இன்னொரு தேசிய லீக்கை வெல்ல வைத்தார், 2024-25இல் ஜாம்ஷெட்பூரை அரையிறுதிக்குக் கொண்டுபோனார், பிறகு இந்திய அணிக்கே பயிற்சியாளரானார். எந்த ஊரில் எந்தப் பையன் ஆடுகிறான் என்று இவர்களுக்கு யாரும் காணொளி அனுப்பத் தேவையில்லை. எதிர்வாதமும் உண்டு: அரங்கில் கூட்டம் சேர்க்கும் பெயர் அல்ல, வெளிநாட்டு வீரர்களை இழுக்கும் செல்வாக்கும் குறைவு. முதலாவதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவதைச் செய்ய கிளப்பில் தனியாக ஆள் வைக்கலாம்.

இந்த வருடமே கோப்பை, அடுத்த வருடம் எப்படியோ போகட்டும் என்றால் கோயலை அழைக்கலாம். ஒரு கோல் அடித்துவிட்டு அதைக் காப்பாற்றினால் போதும் என்றால் கிரெகரி மாதிரி ஒருவர். மூன்று வருடம் பொறுத்திருக்க முடியுமென்றால் மிராண்டா வகைதான் என் தேர்வு. மூன்று வருடம் என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனெனில் இங்கே எட்டு மாதத்திலேயே பொறுமை தீர்ந்துவிடும். என் பொறுமையும் சேர்த்துத்தான்.

வீரர் சேர்ப்பில் எனக்குத் தயக்கமே இல்லை. ரசிகர்கள் கேட்பது வெளிநாட்டு ஸ்ட்ரைக்கர். கேட்க வேண்டியது, இருப்பவர்களை விடாதே என்பது. சாங்டே 2022 ஜனவரியில் மும்பைக்குப் போனார். மறு சீசனில் ஐ.எஸ்.எல். தொடரின் சிறந்த வீரர் விருது அவருக்கு. ஏழு வருடம் இங்கேயே வளர்ந்த தாபா 2023இல் மோகன் பகானுக்குப் போனார். அங்கே கேடயம், கோப்பை எல்லாம் பார்த்துவிட்டார். இந்த இருவருக்கும் ஈடாக நாம் வாங்கிய எந்த வெளிநாட்டவரையும் என்னால் சொல்ல முடியவில்லை. ஏழு இந்தியர்கள் உறுதியானால் மீதி நான்கு இடத்துக்கு ஒரு நடுத் தடுப்பாளர், ஒரு கிரிவெல்லாரோ, ஒரு வால்ஸ்கிஸ் என்று தேடுவது சுலபம். நான்காவது ஆள் யாராக இருந்தாலும் எனக்குச் சம்மதம்.

உள்ளூர்ப் பையன்கள் விஷயத்தில் என் மனம் ஒருபக்கம் சாய்கிறது, மறைக்கவில்லை. நாம் கடைசி இடத்தில் கிடந்த அதே 2018-19இல், கோவையில் ஆடிய சென்னை சிட்டி எஃப்சி ஐ-லீக் வென்றது. சிங்கப்பூர் பயிற்சியாளர் அக்பர் நவாஸ், நான்கு ஸ்பானியர்கள், அவர்களோடு எட்வின், ரொமாரியோ, அஜித்குமார் என்று தமிழ்நாட்டுப் பையன்கள். பெரிய பெயர் ஒன்றும் இல்லை. அந்த ஸ்பானியர்களில் ஒருவரான மன்சி 21 கோல் அடித்தார். அந்தக் கிளப் பின்னர் நிலைக்கவில்லை என்பது வேறு சோகம். குமரிக் கடற்கரையின் மைக்கேல் சூசைராஜ் ஜாம்ஷெட்பூரில் பெயரெடுத்தார். காரைக்குடிப் பக்கத்துச் சிவசக்தி பெங்களூருவில். 2023 டுராண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராகக் கொல்கத்தா டர்பியின் (ஒரே ஊர் எதிரிகளின் ஆட்டம்) ஒரே கோலை அடித்த நந்தகுமார் சென்னைப் பையன். அன்று அவர் அணிந்திருந்தது ஈஸ்ட் பெங்கால் சட்டை.

நம் கிளப்பின் பெயரே ஒரு வேற்றுமை உருபில் தொங்கி நிற்கிறது. சென்னையின் என்று எழுதிவிட்டு, சென்னையின் யார் என்பதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். தனபால் அரையிறுதியில் அந்தக் கோலை அடித்த இரவில் மட்டும், என் வரிசையில் யாருக்கும் அந்தச் சந்தேகம் வரவில்லை.