ஃபார்மலின் டப்பாவும் ஒடியும் கரண்டியும்: மூன்று ஆண்டு அனுபவம்

விலை குறைந்திருக்கிறதாமே, வாங்கலாமா என்று அடுத்த வட்டாரத்து ஆய்வகத்தில் வேலை பார்க்கும் தோழி கேட்டாள். குடற்புழுப் பரிசோதனைக்கு மல மாதிரி எடுக்கும் டப்பாவைத்தான் சொல்கிறாள். மூடியோடு ஒட்டிய கரண்டி, உள்ளே புழு முட்டையை வளரவிடாமல் அப்படியே நிறுத்திவைக்கும் 10 சதவீத ஃபார்மலின், வெளியே அளவு காட்டும் சிவப்புக் கோடு. மூன்று ஆண்டுகளாக இதைத் தூக்கிக்கொண்டு ஜவ்வாது மலை ஊர்களில் அலைகிறேன்.

உள்ளே இருக்கும் திரவத்தில் குறையே சொல்ல முடியாது. மலையில் காலையில் வாங்கும் மாதிரி கீழே வந்து சேர மதியமாகும்; பஸ் தவறினால் மறுநாள். வெயில் காலத்தில் ஒரு நாள் கிடந்தாலே கொக்கிப்புழு முட்டை பொரிந்துவிடும். பிறகு இது கொக்கிப்புழுவா, ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற இன்னொரு குடற்புழுவா என்று இளம்புழுவைப் பார்த்துத் தலையைச் சொறிய வேண்டியதுதான். மலத்தை ஸ்லைடில் பரப்பி முட்டையை எண்ணும் காட்டோ-காட்ஸ் முறைக்கோ புது மாதிரி வேண்டும். ஸ்லைடு போட்டு ஒரு மணி நேரத்துக்குள் பார்க்காவிட்டால் கிளிசரினில் முட்டை கரைந்ததுபோல் மறைந்துவிடும். மலைப்பாதையில் அது நடக்கிற காரியமா?

போன மழைக்காலத்தில் ஆறு வாரம் அலமாரியில் கிடந்த டப்பா ஒன்றை எடுத்தேன். முட்டையை அடியில் சேர்க்க எத்தில் அசிட்டேட் என்ற கரைப்பானை விட்டு இயந்திரத்தில் சுழற்றியதும் குழாயில் நான்கு அடுக்கு பிரிந்தது. அடிவண்டலில் ஒரு சொட்டு. மெல்லிய ஓட்டுக்குள் நான்கு செல்லோடு கொக்கிப்புழு முட்டை, அன்று காலையில் வந்ததுபோல் இருந்தது. பக்கத்தில் ஓர் உருண்டைப்புழு முட்டை. அதன் தடித்த ஓட்டை ஃபார்மலினால் துளைக்க முடியவில்லை. உள்ளே குட்டிப்புழு சுருண்டு நெளிந்துகொண்டிருந்தது! அன்றிலிருந்து எவ்வளவு பழைய டப்பாவானாலும் கையுறை இல்லாமல் தொடுவதில்லை.

கரண்டிதான் வினை. மலம் கெட்டியாக இருந்தால் கழுத்தில் ஒடிகிறது. ஒடியாத நாளிலும் அந்தத் தட்டை முனை கட்டியை அப்படியே உள்ளே தள்ளுமே தவிர மசிக்காது. ஒரு பங்கு மலத்துக்கு மூன்று பங்கு ஃபார்மலின் என்று கோடு போட்டு என்ன பயன்? மசியாத கட்டியின் நடுவுக்குத் திரவம் போய்ச் சேருமுன் அங்கிருக்கும் முட்டை தன் வேலையைப் பார்க்கத் தொடங்கிவிடும். மேலே எடுத்தால் முட்டை, நடுவில் எடுத்தால் இளம்புழு, இரண்டும் ஒரே டப்பாவில். இப்போது ஒரு கட்டு ஈர்க்குச்சி எப்போதும் என் பையில் இருக்கிறது. விளக்குமாற்றிலிருந்து உருவிய குச்சி செய்கிற வேலையை, காசு கொடுத்து வாங்கிய கரண்டி செய்யவில்லை.

ஆரம்பத்தில் டப்பாவை வீடுகளுக்கே கொடுத்தனுப்பினேன். "உள்ளே ஏதோ நாற்றத் தண்ணீர் இருந்தது, ஊற்றிக் கழுவிவிட்டுத்தான் போட்டிருக்கிறேன் கண்ணு" என்று ஒரு பாட்டி பளபளவென்று நீட்டினார். இதில் டப்பாவின் குற்றம் ஒன்றுமில்லை. மல மாதிரியைத் தீப்பெட்டியில் கொண்டுவந்து பழகிய கை அது; குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஃபார்மலினைக் கொடுத்தது என் தவறு. இப்போது வீட்டுக்கு வெறும் டப்பா, ஃபார்மலினில் மாற்றுவது அங்கன்வாடித் திண்ணையில் நான். புழுவின் டிஎன்ஏவைத் தேடும் பிசிஆர் சோதனை செய்ய வேண்டிய மாதிரி எத்தனாலுக்குப் போகும்; ஃபார்மலின் டிஎன்ஏவைக் கெடுத்துவிடும்.

நேற்று மறுபடியும் கரண்டி ஒடிந்தது. கூடவே மூடி கோணலாக உட்கார்ந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. பஸ்ஸில் கசிந்து, பக்கத்து இருக்கைக்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டே எழுந்துபோய் படிக்கட்டருகே நின்றார். ஊர் வரும்வரை என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

தோழிக்கு எழுதிவிட்டேன்: வாங்காதே. அகன்ற வாய் டப்பாவைத் தனியே வாங்கு. கடையில் கிடைக்கும் ஃபார்மலின் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்துகொள். அவசரமென்றால் என் அலமாரியில் இன்னும் இரண்டு பெட்டி இருக்கிறது, வந்து எடுத்துக்கொள். கரண்டியை வெட்டிவிட்டுத் தருகிறேன்.