அல்சூர் பஜார் தெருவில் ஒரு வாட்டர் ஃபில்டர் கடை

பெங்களூரில் வாட்டர் ஃபில்டர் வாங்க நினைப்பவர்கள், பணத்தை எடுப்பதற்கு முன் அல்சூர் பஜார் தெருவில் இருக்கும் இந்தச் சின்னக் கடைக்கு ஒருமுறை போய்ப் பேசிவிட்டு வாருங்கள்.

எங்கள் வீட்டுக்கு வேறொரு விற்பனையாளர் வந்து, குழாய்த் தண்ணீரிலும் தன் ஆர்.ஓ. மெஷின் (சவ்வு வழியாகத் தண்ணீரைத் தள்ளி உப்பை நீக்குவது) தந்த தண்ணீரிலும் கம்பிகளை இறக்கி மின்சாரம் பாய்ச்சினார். குழாய்த் தண்ணீர் பழுப்பாகக் கலங்கியது. ஆர்.ஓ. தண்ணீர் தெளிவாகவே இருந்தது. "இதையா குடிக்கிறீர்கள்?" என்றார். என் மாமியார் அன்று முழுவதும் தண்ணீர்ச் செம்பைத் தொடவே பயந்தார்.

இதைக் கடைக்காரரிடம் சொன்னேன். அவரிடமும் அதே கருவி இருந்தது. ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு, கம்பியை இறக்கினார். அதுவும் பழுப்பாகிவிட்டது! உப்பு இருந்தால் மின்சாரம் நன்றாக ஓடும், அப்போது இரும்புக் கம்பி கரையும், அந்த இரும்பின் நிறம்தான் இது என்றார். அடுத்து அவர் சொன்னதற்காகவே இதை எழுதுகிறேன்: "இதனால் அவருடைய மெஷின் மோசம் என்று ஆகிவிடாது அம்மா. அவர் காட்டிய சோதனை எதையும் நிரூபிக்கவில்லை, அவ்வளவுதான்." போட்டிக்காரரை மட்டம் தட்ட இதைவிட நல்ல வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும்?

எங்கள் குழாய்த் தண்ணீரின் டி.டி.எஸ்., அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, லிட்டருக்கு 190 மில்லிகிராம். இந்தியத் தர அளவுப்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கலாம், ஆகவே புற ஊதா ஒளியால் கிருமியைக் கொல்லும் யு.வி. ஃபில்டரே போதும் என்றார் கடைக்காரர். என் கொழுந்தனார் விடவில்லை. கோடையில் காவிரி வராத நாட்களில் எங்கள் தொட்டியில் போர்வெல் தண்ணீரும் கலக்கிறதே என்றார். "அதைக் கேட்காமலே சொல்லிவிட்டேன் சார், நீங்கள் சொல்வதுதான் சரி" என்று கடைக்காரர் உடனே ஒப்புக்கொண்டார். அந்த இடத்திலேயே விலை கூடிய ஆர்.ஓ.வை எங்கள் தலையில் கட்டியிருக்கலாம். கலந்த தண்ணீரை அளந்த பிறகு வாங்குங்கள் என்று அனுப்பிவிட்டார். கிருமி இருக்கிறதா என்று கேட்டதற்கு, டி.டி.எஸ். மீட்டர் கரைந்த உப்பைத்தான் சொல்லும், கிருமிக்கு ஆய்வகத்தில்தான் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்.

கலந்த தண்ணீர் 640 காட்டியது. ஆர்.ஓ.தான் வாங்கினோம். நன்றாக ஓடுகிறது.

ஒருவரிடமே இவ்வளவு நேரம் பேசுவதால் மற்றவர்கள் வாசலில் காத்திருக்க வேண்டியிருக்கிறது, உட்கார இடமும் இல்லை. காலையிலேயே போய்விடுங்கள். குழாய்த் தண்ணீரையும் தொட்டித் தண்ணீரையும் தனித்தனிப் பாட்டிலில் எடுத்துப் போங்கள்.