சீமை ஓட்டுக் கூரையை எப்போது மாற்ற வேண்டும்? எங்கள் வீட்டு அனுபவம்

தென்காசிப் பக்கம் எங்கள் பூர்வீக வீடு சீமை ஓடு, அதாவது மங்களூர் ஓடு, போட்டது. சில வருடங்களுக்கு முன்னால் கூரை முழுவதையும் பிரித்து மாற்றினோம். 'ஒழுகுது, மாத்திரலாமா?' என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: ஒழுகலை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். தேங்காய் விழும், குரங்கு ஓடும், நாலு ஓடு உடையும். உடைந்ததை உருவிவிட்டு வேறொன்றைச் செருகினால் வேலை முடிந்தது. ஒரு ஓடு இரண்டு, மூன்று கிலோதான். இந்த வசதி கான்கிரீட்டில் கிடையாது.

எந்த மழைக்கு ஒழுகுகிறது என்று கவனியுங்கள். ஜூன், ஜூலை சாரலில் காற்றோடு அடிக்கும்போது மட்டும் நனைந்தால், ஓடுகள் நகர்ந்திருக்கலாம், அல்லது கூரைச் சரிவு போதாமல் இருக்கலாம். எந்த மழைக்கும் ஒரே மூலையில் கொட்டினால், இரண்டு சரிவுகள் சேரும் இடத்தில் போட்ட தகரத்தைப் பாருங்கள். எங்கள் வீட்டில் அது துருப்பிடித்துச் சல்லடையாகி இருந்தது. பழி மட்டும் ஓட்டுக்கு.

ஓட்டின் வயதை முத்திரையை வைத்துக் கணக்குப் போட முடியாது. எங்கள் ஓடுகளில் 1865 என்று இருக்கும். வருகிறவர்கள் எல்லாம் வாயைப் பிளப்பார்கள். அது பாசல் மிஷன் என்ற சுவிஸ் கிறிஸ்தவ அமைப்பு மங்களூரில் ஓட்டு ஆலை தொடங்கிய ஆண்டு, அவ்வளவுதான். ஓட்டை விரல் முட்டியால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். 'டொக்' என்றால் விரிசல். அடிப்பக்கம் உப்புப் பூத்துப் பொரிந்து உதிர்ந்தாலும், மழை விட்ட மறுநாளும் ஈரம் காயாமல் இருந்தாலும் அந்த ஓட்டின் காலம் முடிந்தது. மேலே பாசி படிவதற்கு நான் பயப்படுவதில்லை. சாரல் ஊரில் பாசி இல்லாத ஓடு ஏது? ஆனால் ஓடுகள் சேரும் இடத்தில் அது தடித்து வளர்ந்தால் தண்ணீர் தேங்கி உள்ளே வரும், சுரண்டிவிடுங்கள்.

முழுக் கூரையையும் மாற்ற வேண்டுமா என்பதை மரம்தான் சொல்லும். தெருவில் நின்று முகட்டைப் பாருங்கள். நேர்க்கோடாக இருந்த முகடு நடுவில் தொய்ந்திருந்தால் சும்மா விடக்கூடாது. வீட்டுக்குள் தரையில் மாவு மாதிரி தூள் உதிர்கிறதா, சுவரோடு கரையான் மண்கோடு ஏறுகிறதா என்றும் பார்க்க வேண்டும். எங்களுடையது பனங்கை, அதாவது பனை மரத்தில் அறுத்த சாய்வுச் சட்டம். பனைக்கு வைரம் என்ற கெட்டியான பகுதி வெளிப்பக்கம், சோறு என்ற மென்மையான பகுதி உள்பக்கம். சரியாக இழைத்து வைரத்தை மட்டும் எடுத்த கை தலைமுறை தாண்டும். சோற்றோடு போட்டிருந்தால் பார்வைக்குத் திடமாக இருந்துகொண்டே உள்ளே கோறையாகிவிடும். ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்ப்பதுதான் வழி. முக்கியமாக, சுவருக்குள் பதிந்திருக்கும் முனையில் குத்துங்கள், முதலில் மக்குவது அங்கேதான். நாலைந்து கை போயிருந்தால் அதை மட்டும் மாற்றலாம். எங்களுக்கு மேற்குச் சரிவு முழுக்கவே போயிருந்தது, ஓடுகளைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களான ரீப்பர்கள் ஆணி பிடிக்கும் நிலையில் இல்லை. ஆள் ஏறி ஓடு மாற்றக்கூடப் பயப்பட்டபோதுதான் பிரித்துவிட முடிவு செய்தோம்.

மாற்றும்போது தகர ஷீட் போடச் சொன்னவர்கள் அதிகம். உறவினர் வீட்டில் சித்திரை மதியத்தில் ஷீட்டுக்குக் கீழே உட்கார்ந்து பார்த்தவன் என்பதால் நான் ஒப்பவில்லை. மழை பெய்தால் அங்கே டிவி சத்தமே கேட்காது. இரும்புக் குழாயில் சட்டம் அடித்து, தேறிய பழைய ஓடுகளையே மேலே ஏற்றினோம். குளிர்ச்சி முன்பு போலவே இருக்கிறது. கரையான் கவலை போயிற்று, துருக் கவலை வந்தது. வெல்டிங் வைத்த இடங்களில் பெயிண்ட் உரிகிறதா என்று வருடா வருடம் பார்த்துப் பூச வேண்டியிருக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். ஒவ்வொரு ஆலை ஓட்டுக்கும் அளவும் வரிப்பள்ளமும் கொஞ்சம் வேறுபடும், கலந்து போட்டால் ஒன்றோடொன்று கவ்வாது. ரீப்பர் இடைவெளியைக் கையில் இருக்கும் ஓட்டை வைத்து அளந்த பிறகே வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். குறையும் ஓடுகளை அதே முத்திரையில், பழைய வீடு இடிக்கும் இடங்களில் தேடி வாங்கினோம். கொஞ்சம் கூடுதலாகவே வாங்கிக் கொல்லையில் அடுக்கி வைத்திருக்கிறேன், குரங்குகள் இன்னும் ஊரை விட்டுப் போகவில்லை.