திருநகரில் ஒரு வீட்டுக் கணித வகுப்பு: ஓராண்டுக்குப் பின்

ஏழாம் வகுப்பில் படிக்கும் எங்கள் மகளை, மதுரை திருநகரில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தம் வீட்டு மாடியில் நடத்தும் கணித டியூஷனுக்கு ஓராண்டாக அனுப்பி வருகிறோம். அதற்கு முன் ஆறு மாதம், கட்டணத்துடன் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் கட்டி, பெரிய பயிற்சி மையம் ஒன்றில் சேர்த்திருந்தோம். பள்ளியில் நடந்த பாடத்தையே முப்பத்தைந்து பிள்ளைகளுக்கு மறுபடியும் வேகமாக நடத்தினார்களே தவிர, இவளுக்கு எது புரியவில்லை என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

வகுப்பாசிரியையிடமே டியூஷன் கேட்கலாமா என்றும் யோசித்தோம். பணியிலுள்ள ஆசிரியர்கள் தனிப்பயிற்சி நடத்துவதை 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 28ஆம் பிரிவில் தடை செய்கிறது. ஆனால், அவள் தடுமாறுவது பின்னங்களில்தான் என்று எங்களுக்குச் சொன்னவர் அவரே. அதைக் கேட்காமல் ஆறு மாதத்தை வீணாக்கியது எங்கள் தவறு.

திருநகர் ஆசிரியை முதல் நாள் கட்டணத்தைப் பற்றிப் பேசவில்லை. பழைய விடைத்தாள்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னபோது, மேலுள்ள எண்களைத் தனியாகவும் கீழுள்ள எண்களைத் தனியாகவும் கூட்டி, 2/5 என்று எழுதினாள் மகள். அவர் அதை அடிக்கவில்லை. "அரை தோசை சாப்பிட்ட பிறகு இன்னும் கொஞ்சம் சாப்பிட்டால், மொத்தம் அரையைவிடக் குறையுமா பாப்பா?" என்று மட்டும் கேட்டார். சிறிது நேரம் அந்த 2/5ஐயே பார்த்துக்கொண்டிருந்தவள், தானே ரப்பரை எடுத்து அழித்தாள்.

மீச்சிறு பொது மடங்கு காணத் திணறுவதற்குக் காரணம் ஏழாம் வாய்ப்பாட்டுக்கு மேல் மனத்தில் நிற்காததுதான் என்று கண்டுபிடித்து, காலாண்டுத் தேர்வு நெருங்கிய நிலையிலும் மூன்று வாரம் ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தையே படிக்க வைத்தார். எங்களுக்கு உள்ளூரப் பதற்றம்தான். அரையாண்டில் அவள் யாருடைய துணையும் இல்லாமல் பின்னக் கணக்குகளைப் போட்டு முடித்தபோது, அந்த மூன்று வாரத்தின் அருமை தெரிந்தது.

ஒரு குழுவில் ஒன்பது பேர். வாரத்தில் மூன்று நாள். மாதம் 900 ரூபாய். அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராக இருந்த பெண் ஒருவர் சிறு பிள்ளைகளைக் கவனித்துக்கொள்கிறார். வீட்டில் சந்தேகம் வந்தால், பாடநூலிலுள்ள க்யூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்து காணொளியைப் பார்த்துவிட்டு வரச் சொல்கிறார்கள்.

குறைகளும் உண்டு. அறிவியல் சொல்லித்தருவதில்லை, சித்திரை, வைகாசி மாதங்களில் மாடியில் அமர முடியாத வெக்கை. ஜூனில் பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே இடங்கள் நிரம்பிவிடுவதால், சேர்க்க விரும்புவோர் மே மாதத்திலேயே பிள்ளையின் விடைத்தாள்களுடன் நேரில் சென்று பார்ப்பது நல்லது.