ஹைபேக்கைக் கழற்றலாமா? பனியைப் பார்த்துச் சொல்கிறேன்

போன வருடம் மார்ச் கடைசியில், கனடாவின் ஒன்டாரியோவில் வெயில் கொஞ்சம் தலைகாட்டிய ஒரு சனிக்கிழமை. கார் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு என் ஸ்னோபோர்டில், அதாவது பனிச்சறுக்குப் பலகையில், பூட்ஸைப் பிடித்துவைக்கும் பைண்டிங் இரண்டிலிருந்தும் ஹைபேக்கைக் கழற்றினேன். 3-ஆம் எண் ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் ஒன்று, பத்து நிமிடம், அவ்வளவுதான் வேலை. கெண்டைக்காலுக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும் அந்தப் பிளாஸ்டிக் முதுகு போனதும் பலகை மொட்டையாகத் தெரிந்தது. அன்று தொடங்கி இந்தக் குளிர்காலம் முடியும்வரை மூன்று விதமாக மாற்றி மாற்றி ஓட்டியிருக்கிறேன்: கடையில் வாங்கியபடி முழு ஹைபேக், முன்சாய்வை (முன்னோக்கிச் சாயும் கோணத்தை) பூஜ்யமாக்கிச் சற்றே பக்கவாட்டில் திருப்பி வைத்த ஹைபேக், ஹைபேக்கே இல்லாமல். எது நல்லது என்று மொட்டையாகக் கேட்டால் பதில் கிடையாது. காலுக்குக் கீழே எந்தப் பனி கிடக்கிறது என்று முதலில் சொல்ல வேண்டும்.

ஹைபேக் என்ன செய்கிறது என்று தெரிந்தால் மீதி எல்லாம் தானாக விளங்கும். பலகையின் விரல் பக்கத்து விளிம்பில் திரும்பும்போது அதற்கு வேலையே இல்லை. முழங்காலை மடக்கி, பூட்ஸின் நாக்கில் கணைக்காலை அழுத்தினால் போதும். குதிங்கால் பக்கத்தில்தான் அதன் வேலை தொடங்குகிறது. இடுப்பைப் பின்னால் இறக்கியதும் கெண்டைக்கால் ஹைபேக்கில் சாய்கிறது. ஹைபேக் நெம்புகோலாக மாறி, குதிங்கால் விளிம்பைப் பனிக்குள் அழுத்தி, விரல் பக்கத்தை மேலே தூக்குகிறது. தசைக்குப் பெரிய சிரமம் இல்லை; உடம்பின் எடையே வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

அந்த நெம்புகோலை எடுத்துவிட்டால் அதே வேலையைக் கணுக்கால் ஸ்ட்ராப்பும் கணைக்காலின் முன்பக்கத் தசையும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். பாதத்தை மேல்நோக்கி மடக்க வேண்டும்; மேல்பாதம் ஸ்ட்ராப்பை இழுக்க, ஸ்ட்ராப் பலகையை இழுக்கும். முதல் நாள் மூன்றாவது இறக்கத்திலேயே முழங்காலுக்குக் கீழே எலும்பை ஒட்டி ஓடும் அந்தத் தசை நெருப்பாய் எரிந்தது. லிஃப்டில் உட்கார்ந்து இரண்டு கட்டைவிரலாலும் நீவிவிட்டுக்கொண்டே மேலே போனேன். ஸ்ட்ராப்பை வழக்கத்தைவிட இரண்டு பல் கூடுதலாக இறுக்கியிருந்ததால் மேல்பாதம் மரத்துப் போயிருந்தது. இந்த விலையைக் கொடுக்காமல் ஹைபேக் இல்லாத ஓட்டம் கிடையாது. இதை மறைத்துவிட்டு 'சுதந்திரம்' பேசுகிறவர்களை நம்பாதீர்கள்.

கொஞ்சம் பழைய கதைக்குப் போக வேண்டும். இந்த ஒப்பீட்டின் சாவி அங்கேதான் இருக்கிறது. 1965-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஷெர்மன் பாப்பன் தன் பிள்ளைகளுக்காக இரண்டு ஸ்கீயைச் சேர்த்துப் பிணைத்துச் செய்த ஸ்னர்ஃபர் என்ற முன்னோடிப் பலகையில் பைண்டிங்கே கிடையாது. பலகையின் மூக்கில், அதாவது முன் நுனியில், ஒரு கயிறு, அவ்வளவுதான். 1977-இல் ஜேக் பர்ட்டன் கார்ப்பென்டர் வெர்மான்ட்டில் பலகை செய்யத் தொடங்கிய காலத்திலும் காலைப் பிடிக்க எளிய பட்டைகள்தான். மிருதுவான பனியில் அது போதுமானதாக இருந்தது. 1980-களின் தொடக்கத்தில் ஜெஃப் கிரெல் உருவாக்கிய ஹைபேக் வந்த பிறகுதான் இயந்திரத்தால் அழுத்திச் சமன் செய்த கெட்டிப் பனியில் குதிங்கால் விளிம்பு நிலைத்து நின்றது. வெர்மான்ட்டின் ஸ்ட்ராட்டன் போன்ற ஸ்கீ மலைகள் ஸ்னோபோர்டுக்குக் கதவு திறந்ததும் ஏறக்குறைய அதே நேரத்தில்தான். ஆக, ஹைபேக் கெட்டிப் பனிக்காகப் பிறந்தது. கெட்டிப் பனி இல்லாத இடத்தில் அதன் தேவை பாதியாகக் குறைந்துவிடுகிறது. நான் மூன்றையும் ஓட்டிப் பார்த்துக் கண்டதும் இதுதான்.

முதலில் கெட்டிப் பனி. ஒன்டாரியோவில் பெரிய மலை என்று நாங்கள் கொண்டாடும் ப்ளூ மவுண்டனின் உயரமே சுமார் 220 மீட்டர்தான். இந்தப் பக்கத்துக் குன்றுகளில் பெரும்பாலும் இயந்திரம் தூவும் செயற்கைப் பனி. பகலில் உருகி இரவில் உறைந்து, காலையில் கண்ணாடி மாதிரி கிடக்கும். ஜனவரியில் ஒரு சின்னக் குன்றில், அப்படிப்பட்ட காலையில் ஹைபேக் இல்லாமல் இறங்கினேன். விரல் பக்கம் கச்சிதமாக வந்தது. குதிங்கால் பக்கம் திரும்பியதும் விளிம்பு பிடித்தது, விட்டது, பிடித்தது, விட்டது. டடடடவென்று பலகை அதிர, நான் உட்கார்ந்த வாக்கிலேயே சறுக்கிக்கொண்டு போய்ப் பாதை ஓரத்து வலையில் நின்றேன். அதே பாதையில் மதியம் ஹைபேக்கை மாட்டிக்கொண்டு இறங்கியபோது அதே திருப்பத்தில் விளிம்பு கோடு போட்டதுபோல் வெட்டிக்கொண்டு போனது. கெட்டிப் பனியில் இது ருசி வித்தியாசம் இல்லை, பாதுகாப்பு. முன்னால் ஒரு குழந்தை விழுந்தால் நம்மில் பலர் யோசிக்காமல் போடும் பிரேக் குதிங்கால் பிரேக்தான். கூட்டமான, கெட்டியான பாதையில் ஹைபேக்கைக் கழற்றாதீர்கள்.

ஆழமான பொடிப்பனியில் கதை தலைகீழ். பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் ரெவெல்ஸ்டோக்கில் நான்கு நாள் இருந்தேன். 1,713 மீட்டர் இறக்கம் கொண்ட மலை. முழங்கால் அளவு புதுப் பனியில் பலகையை விளிம்பில் நிறுத்தவே வேண்டியதில்லை. அடிப்பரப்பு முழுவதும் பனியைத் தள்ளுகிறது. லேசாகச் சாய்த்தாலே திரும்புகிறது. ஹைபேக் இருந்தபோது குதிங்கால் பக்கத் திருப்பம் எனக்குச் சட்டென்று வெட்டிவிட்டது. அது இல்லாதபோது கணுக்கால் தானே மடங்கி விரிந்து, திருப்பம் நீண்டு, இளகி, வட்டமாக வந்தது. பின்கால் முழங்காலை முன்கால் பக்கம் மடக்கி, கடலில் அலை ஓட்டுகிறவர்கள் மாதிரி தாழ்ந்து நிற்க முடிந்தது. அந்த உணர்வுக்காகவே நான்கு நாளில் மூன்று நாள் அதை மாட்டவில்லை. நாலாம் நாள் மாட்டியதற்கும் காரணம் உண்டு. சரிவைக் குறுக்கே கடந்து புதுப் பனிக்குப் போகும் வழி குதிங்கால் பக்கமாகவே நீண்டுகொண்டு போனது. அப்படிப்பட்ட நீளமான குறுக்கு வழி கணைக்காலுக்கு நரகம்.

வசந்த காலத்து ஈரப் பனி இரண்டுக்கும் நடுவில் வரும். பனி இளகியிருப்பதால் விளிம்பு எளிதில் இறங்கும், விழுந்தாலும் வலி குறைவு. கழற்றிப் பழக இதைவிட நல்ல பனி கிடையாது. பார்க்கில் (தாவி விளையாடவென்று மேடு கட்டிய பகுதி) சின்னத் தாவல்கள், தரையில் பலகையின் மூக்கையும் வாலையும் அழுத்தி வளைக்கும் விளையாட்டு இவற்றுக்கும் ஹைபேக் இல்லாமல் இருப்பது சுகம்; வால் பக்கம் சாயும்போது காலை இடிக்க எதுவும் இல்லை. ஆனால் பெரிய தாவலில் குதிங்கால் பக்கமாகத் தரையிறங்கினால் பிடிமானம் இருக்காது. அங்கே எனக்கு முழு ஹைபேக்தான்.

பலரும் எண்ணிப் பார்க்காத நடுவழி ஒன்று உண்டு. எந்தப் பனி என்று தெரியாமலே ஒன்றைச் சொல் என்றால் இதைத்தான் சொல்வேன். ஹைபேக்கின் பின்னால் இருக்கும் முன்சாய்வுத் திருகைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு பக்கவாட்டு போல்ட்டுகளைத் தளர்த்தி, ஹைபேக்கைப் பலகையின் குதிங்கால் விளிம்புக்கு இணையாகத் திருப்பி இறுக்குங்கள். என் கால்கள் 15 பாகையில் இரண்டு பக்கமும் விரிந்து நிற்பவை. திருப்பாத ஹைபேக், பாதம் பார்க்கும் திசையிலேயே நிற்கிறது. நெம்ப வேண்டிய விளிம்போ வேறு திசையில் இருக்கிறது. திருப்பி வைத்ததும் கால் பக்கவாட்டில் அசைய இடம் கிடைத்தது, கெட்டிப் பனியிலும் பிடி நழுவவில்லை. கழற்றினால் கிடைக்கும் சுகத்தில் முக்கால்வாசி இதிலேயே கிடைத்துவிடுகிறது. குட்டையான, வளைந்து கொடுக்கும் ஹைபேக்கை வாங்கி மாட்டினாலும் ஏறத்தாழ இதே பலன்தான்.

பைண்டிங்கே இல்லாமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கும் நோபோர்டு தனி உலகம். பொடிப்பனி தவிர வேறெங்கும் அது வேலைக்கு ஆகாது என்பதால் இந்தத் தராசில் ஏற்றவில்லை.

கழற்றுவதற்கு முன் பூட்ஸைப் பாருங்கள். இதைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். ஒலிம்பிக்கில் பேரலல் ஜயன்ட் ஸ்லாலம் (இருவர் பக்கத்துப் பக்கத்தில் கம்பங்களைச் சுற்றி இறங்கும் ஸ்னோபோர்டு பந்தயம்) ஓடுபவர்களின் பைண்டிங்கில் ஹைபேக் கிடையாது. ஐஸ் போன்ற பனியில்தான் ஓடுகிறார்கள், ஆனாலும் தேவைப்படுவதில்லை. அவர்கள் போடும் கெட்டி பிளாஸ்டிக் பூட்ஸே ஹைபேக்காக நிற்கிறது. 1990-களில் வந்த, மிதித்தாலே பூட்ஸைப் பூட்டிக்கொள்ளும் சில ஸ்டெப்-இன் பைண்டிங்குகளும் அந்தத் தாங்கலைப் பூட்ஸுக்குள் வைத்துத் தைத்தன. ஆக, தாங்கல் எங்காவது இருந்தாக வேண்டும். என்னிடம் இரண்டு ஜோடி உண்டு. கெட்டியான புது ஜோடியில் ஹைபேக் இல்லாததே பாதி நேரம் மறந்துபோகிறது. நான்கு வருடம் உழைத்துத் துவண்ட ஜோடியில் கணுக்கால் பின்னால் மடங்கிக்கொண்டே போகிறது.

பைண்டிங்கையும் பாருங்கள். பின்பக்கம் திறந்து கால் நுழைக்கும் வகை என்றால் கழற்றும் பேச்சே வேண்டாம். அதில் ஹைபேக்தான் கதவு, அது மூடினால்தான் கால் பூட்டும். மற்ற வகைகளில் சிலவற்றில் ஹைபேக்கைப் பிடிக்கும் போல்ட்டே குதிங்கால் வளையத்தையோ ஸ்ட்ராப்பையோ சேர்த்துப் பிடித்திருக்கும். ஹைபேக்கை எடுத்ததும் அதன் தடிமன் அளவுக்கு இடைவெளி விழும். அங்கே வாஷர் போட்டு இறுக்காவிட்டால் நாலு இறக்கத்தில் தளர்ந்துவிடும். முதல் நாள் மதியம் என் இடது ஸ்ட்ராப் அப்படித்தான் ஆடத் தொடங்கியது.

புதிதாகக் கற்கிறவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். இரண்டு பக்கத் திருப்பமும் கைவந்தவர்கள், ஈரப் பனி நாளாகப் பார்த்து, ஆள் குறைந்த சாதுவான சரிவில் முதலில் பின்கால் ஹைபேக்கை மட்டும் எடுத்துப் பாருங்கள். திருப்பத்தைத் தொடங்கிவைப்பது முன்கால். அதன் தாங்கல் அப்படியே இருக்கும். இந்த மாதம் நானும் அப்படித்தான் ஓட்டுகிறேன். முன்காலில் ஒன்று, திருப்பி வைத்தபடி. கழற்றிய இன்னொன்று அதன் போல்ட்டுகளோடு ஜாக்கெட் பையில் இருக்கிறது, மாலையில் பனி இறுகத் தொடங்கினால் லிஃப்ட் அடியிலேயே மாட்டிக்கொள்ள.